எல்லைக்கு அந்தப் பக்கம்

எனக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சித்திரை வெயிலில் எங்கள் நாவல்குளத்தில் நாய்கூட எழுந்து நடக்காது. நான் மட்டும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்போடு செம்பட்டி ரோட்டுக்குப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். "ஊரே ஒறங்குது, ஒங்களுக்கு மட்டும் என்னத்துக்கு இந்த ரோந்து?" என்று என் சம்சாரம் பேச்சியம்மாள் கேட்பாள். கிராம முன்சீப் என்றால் ரோந்துதானே வேலை என்பேன்.

நீங்கள் மாயாண்டி விஷயமாக வந்திருக்கிறீர்கள். அவர் கரட்டுப்பட்டியில் முன்சீப்பாக இருந்தவர். பக்கத்து ஊர். என் சம்சாரத்துக்குச் சித்தப்பா முறை, அதனால் எனக்கு மாமா. ஐம்பத்தேழாம் வருஷம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகன் அந்த வேலையைத் தனக்குத் தரவேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறான். அப்பன் நீக்கப்பட்டவன் என்று பைலில் இருப்பதால் விசாரித்து வர உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது நியாயம். நான் சொல்வதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இடையில் ஏதாவது கேட்கத் தோன்றினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோவை தப்பினால் பிடிக்காது.

எல்லாம் குதிரைகளால் வந்தது.

திண்டுக்கல்லில் டவுன் பஸ்ஸும் ரிக்‌ஷாவும் வந்த பிறகு ஜட்கா வண்டிகளுக்குச் சவாரி குறைந்துபோனது. வண்டியை விறகுக்குப் போட்டுவிடலாம். குதிரையை என்ன செய்வது? மாடு என்றால் வயதானாலும் கேட்டு வாங்க ஆள் உண்டு. கிழட்டுக் குதிரையை யாரும் கேட்பதில்லை. ஐம்பத்தைந்தில் ஐந்து குதிரைகள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. மூன்று கறுப்பு, ஒரு சாம்பல், நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு செவலைப் பெட்டை. முதுகில் சேணம் அழுத்திய இடத்தில் மயிரே இல்லை. ரோட்டோரம் கோரையை மேய்ந்துகொண்டு, நடு ரோட்டில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். ஹாரன் அடித்தால் விலகாது. பதினைந்து வருஷம் டவுன் சத்தத்தில் ஓடிய பிராணிகளுக்கு ஹாரன் என்ன பெரிய காரியம்?

எனக்குக் குதிரைகள் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் முறைப்படிதான் ஆரம்பித்தேன். சொந்தக்காரர் யார் என்று விசாரித்துக்கொண்டு பேகம்பூருக்கே போனேன். மெஹராஜ் என்று ஒரு விதவை. புருஷன் இருந்தவரை நாலு வண்டி ஓடிய வீடு அது. கதவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினாள்.

"குதிரைங்க எங்களுதுதான் முன்சீப்பய்யா. இல்லேன்னு நான் சொல்லல. அவரு மவுத்தானப்புறம் புள்ளைங்களுக்கே கஞ்சிக்கு வழியில்ல. அதுங்களுக்குக் கொள்ளு எங்க போவேன்?"

"அதுக்காக அவுத்து விட்டுர்றதா?"

"கொல்ல மனசு வரலய்யா. அங்கிட்டு ஏரி கொளம் இருக்கு, புல்லு இருக்குன்னாங்க. அல்லா பாத்துக்குவான்னு விட்டுட்டோம்."

ரிப்போர்ட்டில் அல்லா பேரை எழுத முடியாது. ஐந்தையும் பிடித்து வந்து எங்கள் ஊரில் அத்துமீறும் மாடுகளை அடைக்கிற பவுண்டில் அடைத்தேன். சட்டத்தில் கால்நடை என்றால் குதிரையும் சேர்த்திதான், பார்த்து வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் மீட்க வராவிட்டால் ஏலம் விடவேண்டும். ஏலம் விட்டேன். ஒருத்தரும் வரவில்லை. பதினைந்து நாள் நானே வைக்கோல் போட்டேன். பதினாறாம் நாள் காலையில் படலைத் திறந்து விட்டேன். படலை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டன என்று எழுதினேன். ஐந்து குதிரைகள் தின்ன ஆரம்பித்தால் ஒரு முன்சீப்பின் வைக்கோல் படப்பு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் வத்தலக்குண்டு பஸ் ஒன்று, நடுவில் நின்ற குதிரைக்காக ஒடித்துத் திருப்பியதில் புளியமரத்தில் உரசி நின்றது. உள்ளே இருந்த ஆரோக்கியம்மாள் என்ற கிழவிக்குக் கை ஒடிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அப்போது இருந்த தாசில்தார் என்னைத் தாலுகா கச்சேரிக்கு வரவழைத்து, பியூன்கள் முன்னால் வைத்து, உட்காரச் சொல்லாமல் கேட்டார்.

"அந்தப் புளியமரம் யார் எல்லை?"

"நாவல்குளம் எல்லைங்க."

"அப்ப நீதான் பொறுப்பு. இன்னொரு தடவ ஒன் எல்லைக்குள்ள எவனுக்காவது ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் பரம்பரைக்கே இந்த வேல இல்லாம பண்ணிருவேன்."

என் தாத்தா முன்சீப். என் அப்பா முன்சீப். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் பரம்பரை என்ற வார்த்தை அந்த அறையில் வேறு மாதிரி கேட்டது. பியூன் ஒருவன் சிரித்தான். ஆனால் நான் வெளியே வந்தபோது மனதில் நின்றது அந்தச் சிரிப்பு இல்லை. ஒன் எல்லைக்குள்ள என்றார் அல்லவா, அதுதான் நின்றது. அவர் கோபத்தில் சொன்னாலும் வழியைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் எல்லை ரோட்டில் எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். புளியமரத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு வறண்ட ஓடை, அதன் மேல் சின்னக் கல்பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நாவல்குளம், அந்தப் பக்கம் கரட்டுப்பட்டி. கல்லைத் தேட வேண்டியதே இல்லை, மண்ணே சொல்லிவிடும். எங்கள் பக்கம் செம்மண். அவர்கள் பக்கம் வெள்ளையாகச் சுக்கான் மண்.

குதிரைகள் எங்கள் பக்கமே சுற்றியதற்குக் காரணம் குளம். அதனால் குளத்துக்கு இறங்கும் வழிகளில் உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்தேன். ஊருக்கு ஒரே ஒரு வழி விட்டு, அங்கே ஆள் வைத்தேன். குதிரைகள் நாலைந்து நாள் முள்வேலி ஓரமாகவே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரோட்டில் அலைந்தன. நான் கம்பை எடுத்துப் பாலம் தாண்டும் வரை ஓட்டிவிட்டு வருவேன். மறுநாள் திரும்பி வரும். மறுநாளும் ஓட்டுவேன்.

மாமா அவற்றைத் திருப்பி ஓட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஓட்டியிருப்பேன். அவர் ஒரு காரியம் செய்தார். தன் தோட்டத்திலிருந்த பழைய கல்தொட்டியை வண்டியில் ஏற்றி வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டோர வேம்புக்குக் கீழே இறக்கி வைத்தார். தினமும் காலையில் இரண்டு குடம் நாலு குடமென்று தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். முன்சீப் வேலை பார்க்கிற மனிதர், தோளில் குடத்தை வைத்துக்கொண்டு.

நான் கேட்டேன். "என்ன மாமா, ஊருக்கு முன்சீப்பா, குதுரைக்கா?"

"தாகத்துக்கு எல்லை கெடையாது மாப்ளே. ஒங்க பக்கம் அடச்சுட்டீங்க. எங்கிட்டாவது குடிக்கட்டுமே."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லணும்."

"சொல்லுவோம்" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னார்.

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. குதிரைகள் அவர் பக்கம் பழகிவிட்டால் என் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அவர் பக்கம் சுக்கான் மண்ணில் புல் கிடையாது. மேய்ச்சல் எங்கள் பக்கம், தண்ணீர் அவர் பக்கம். வெயில் ஏற ஏற ஐந்தும் வரிசையாக ரோட்டில் நடந்து பாலம் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, வரிசையாகத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருகிற நேரம்தான் நான் புளியமரத்தடியில் உட்காருகிற நேரம்.

சின்னாளபட்டி நெசவாளி சின்னக்கண்ணுவை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வயதுக்குள் இருக்கும். தறியில் நெய்து, சுங்குடிச் சேலைகளை மூட்டையாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்பட்டி, சித்தையன்கோட்டை, வத்தலக்குண்டு என்று ஊர் ஊராகப் போவான். எங்கள் வீட்டில் நின்று மோர் குடிக்காமல் போகமாட்டான். பேச்சியம்மாளை அக்கா என்று கூப்பிடுவான். அவள் உடுத்துகிற சேலை பாதி அவன் கொண்டுவந்ததுதான்.

அன்று சித்திரை கடைசி வெள்ளி. வெயிலில் ரோட்டுத் தார் இளகிக் கிடந்தது. உச்சிப்பொழுது தாண்டிக் குதிரைகள் தண்ணீர் குடித்துவிட்டுப் பாலத்தைத் தாண்டி வந்தன. மற்ற நாலும் ரோட்டை விட்டு இறங்கிவிட்டன. செவலை மட்டும் ரோட்டிலேயே நின்றது.

என் பழைய ரிப்போர்ட்டை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வேகமாகப் போனதில் குதிரை மிரண்டது என்று அதில் இருக்கிறது. லாரி எதுவும் வரவில்லை. நான்தான் எழுந்து போய் அதன் பின்தொடையில் கம்பால் ஒன்று வைத்தேன். பாலத்துப் பக்கம் திருப்பி ஓட்டத்தான் அடித்தேன். அன்றைக்குக் கை கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. அது தெற்கே ஓடாமல் குறுக்கே பாய்ந்தது. வடக்கேயிருந்து சைக்கிளில் வந்தவன் பிரேக்கைப் பிடிக்கவும் நேரமில்லை. குதிரையின் மார்பில் மோதி எகிறி, மைல் கல்லில் இடுப்பு அடிபட விழுந்தான். தலையிலும் காயம். குதிரை முன்னங்காலை நொண்டிக்கொண்டு ஒதுங்கி நின்றது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். உயிர் இருந்தது. நினைவும் இருந்தது.

"முன்சீப்பய்யா, நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றான்.

மைல் கல் புளியமரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். பாலத்தையும் பார்த்தேன். எழுபது எண்பது அடி இருக்கும். ரோட்டில் இரண்டு பக்கமும் ஒரு ஆள் இல்லை. அந்த நேரத்தில் நான் பதறியிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், ஆனால் அது உண்மை இல்லை. தாசில்தார் கச்சேரியில் நின்ற அன்றுதான் எனக்குப் பதற்றம். இங்கே என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவன் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து, ரோட்டோர மண்ணிலேயே இழுத்தேன். இடுப்பு எலும்பு முறிந்திருக்கவேண்டும். முதல் இழுப்பில் கத்திவிட்டான். பிறகு கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டான். நிழலுக்குக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருக்கிறான்.

"ஐயா, மரம் பின்னாடி இருக்கே. எங்கய்யா இழுக்குறீங்க?"

"செத்த பொறுத்துக்க. பாலத்துக்குக் கீழ நெழலா இருக்கும்."

பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் இறக்கி, ஓடைக்குள் கல்வளைவின் நிழலில் படுக்கவைத்தேன். திரும்பிப் போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துப் போட்டேன். மூட்டையையும் கொண்டுவந்தேன். ரோட்டில் இருந்த ரத்தத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டுக் காலால் பரத்தினேன். கடைசியில் செவலையையும் கயிறு போட்டு இழுத்து வந்தேன். நொண்டிக்கொண்டே வந்து, தொட்டியில் வாயை வைத்து மறுபடி குடித்தது.

எல்லாம் சரியாக இருந்தது. கரட்டுப்பட்டி எல்லையில், கரட்டுப்பட்டி முன்சீப் வைத்த தொட்டிக்குப் பக்கத்தில், குதிரை மோதி ஒரு ஆள் விழுந்து கிடக்கிறான். இனி அடுத்த பஸ்ஸை நிறுத்தி அவனைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவது என்றுதான் எண்ணம். அதுவரை என் மனதில் வேறு எண்ணம் இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

வத்தலக்குண்டிலிருந்து வரும் இரண்டரை மணி பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். எங்கே விழுந்தாய் என்று கேட்பார்கள். எதிரே புளியமரம் இருந்தது என்பான். முன்சீப் கம்பால் அடித்தார் என்பான். என்னை இழுத்துக்கொண்டு போனார் என்பான். பொய் சொல்லத் தெரியாத பையன். நாலு சேலையில் ஒன்றில் சாயம் லேசாக ஓடியிருந்தால் அதை அவனே எடுத்துக் காட்டி, இது வேண்டாம் அக்கா என்று ஒதுக்கி வைப்பான்.

பஸ் பாலத்துக்கு மேல் வந்து நின்றது. நான் கை காட்டவில்லை. சைக்கிளைப் பார்த்து டிரைவரே நிறுத்திவிட்டார். கண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்ன முன்சீப்பய்யா, சைக்கிளு கெடக்கு? ஆளக் காணோம்?"

"ஓடைக்குள்ள ஒதுங்கியிருக்காரு."

கண்டக்டர் சிரித்தார். உள்ளே இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். கீழேயிருந்து சின்னக்கண்ணு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "ஐயா, பஸ்ஸு, பஸ்ஸு" என்றான். எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. விசில் கொடுத்தார்கள். பஸ் போய்விட்டது.

நான் கீழே இறங்கினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன், அப்போது புரிந்துகொண்டான். வலியில் கிடக்கிறவனுக்கு அறிவு மங்கும் என்பார்கள். இவனுக்கு அப்படி இல்லை. நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்.

"ஐயா, நான் எங்க விழுந்தேன்னு ஒங்களுக்கு எப்படி வேணுமோ அப்படியே சொல்றேன். தொட்டிகிட்ட விழுந்தேன். ஒங்கள நான் பாக்கவே இல்ல. எம்புள்ளைக மேல சத்தியம். அடுத்த வண்டிக்காவது கை காட்டுங்கய்யா."

நான் அதை யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவன் சத்தியம் செய்தது மனப்பூர்வமாகத்தான். ஆனால் வலியில் செய்கிற சத்தியம் வலி இருக்கிற வரைதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் சொல்லாமல் இருப்பானா? நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் கேட்டான். அதை நான் மறுக்கவில்லை. மூட்டையைப் பிரித்து, மேலே இருந்த ஒரு சுங்குடிச் சேலையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் நனைத்து, வந்து அவன் வாயில் பிழிந்தேன். கரும்பச்சைச் சேலை. சப்பிச் சப்பிக் குடித்தான். "போதும்யா" என்றான். அந்த ஈரச் சேலையை நாலாக மடித்து அவன் முகத்தின் மேல் வைத்தேன். வைத்துவிட்டு, கையை எடுக்கவில்லை. இடுப்பு ஒடிந்தவனால் அதிகம் அசைய முடியாது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அதிக நேரம் ஆகவில்லை.

சேலையைப் பிழிந்து காயவைத்து மூட்டையிலேயே மடித்து வைத்தேன். அது விற்கிற சரக்கு.

பிறகு அவனை மேலே தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினேன். கரட்டுப்பட்டிக்கு நடந்து போய் மாமாவை எழுப்பி, "ஒங்க எல்லைல ஒருத்தன் விழுந்து கெடக்கான் மாமா, எனக்கு உயிரு இருக்குற மாதிரி தெரியல" என்று சொன்னேன். அவர் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார். குனிந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பையன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் போலீசுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தபோதும், சப்-இன்ஸ்பெக்டர் வந்தபோதும் அப்படியேதான் இருந்தார். தலையில் காயம் பெரிதாக இருந்தது. பிரேத விசாரணைக்கு வந்த பஞ்சாயத்தார் ஐந்து பேரும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பிரேதத்தை அறுக்கவில்லை.

விசாரணையில் எனக்குச் சொல்ல இரண்டே விஷயங்கள்தான் இருந்தன. லாரி. தொட்டி. ரோட்டோரம் தண்ணீர் வைத்துக் குதிரைகளைப் பழக்கியது யார் என்பதை மட்டும் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த தாசில்தார் மாமாவைக் கேட்டார்.

"தொட்டிய வச்சது யாரு?"

"நான்தாங்க."

"குதிரைங்க யாருது?"

மாமா பேகம்பூர் மெஹராஜ் பேரைச் சொல்லியிருக்கலாம். என் பவுண்டுப் படலைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் அவருக்குத் தெரியும்.

"எவனும் தன்னுதுன்னு சொல்லலீங்க. அப்ப என்னுதுன்னே எழுதிக்கங்க" என்றார்.

எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. முன்சீப் முத்திரையையும் பதிவேடுகளையும் வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். சின்னக்கண்ணுவின் பெண்டாட்டி ராமுத்தாய் கைக்குழந்தையோடு வந்து, ஊர் நடுவில் நின்று மாமாவைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அவர் தலையைக் குனிந்து நின்றார். நானும் கூட்டத்தில் இருந்தேன். அவளை நான்தான் சமாதானம் செய்து பஸ் ஏற்றிவிட்டேன்.

மாமா ஐந்து குதிரைகளையும் தன் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். செவலையின் காலுக்குப் பத்து நாள் எண்ணெய்க் கட்டுப் போட்டார். இருந்த நிலத்தில் பாதியில் சோளத்தட்டைக்கு விதைத்தார். ஒவ்வொன்றாகச் சாகிற வரை வைத்திருந்தார். எங்கள் ரோட்டில் அதற்குப் பிறகு ஒரு விபத்துகூட நடக்கவில்லை. ஒன்பது வருஷமாக என் பதிவேடு சுத்தமாக இருக்கிறது. நீங்கள் பார்க்கலாம்.

போன புரட்டாசியில் மாமாவுக்குக் காமாலை. பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கண், நகம் எல்லாம் மஞ்சளாகக் கிடந்தது.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன் முதுகுலயும் குதிகால்லயும் செம்மண்ணு இருந்துச்சு. என் பக்கம் ஏது செம்மண்ணு?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னைக்கே பாத்துட்டேன். துண்ட நனச்சுத் தொடச்சுவிட்டதே நான்தான். போலீசு பாக்கக் கூடாதுன்னு."

"ஏன் மாமா?"

"ஒங்களுக்கு வேல போனா எங்கண்ணன் மக கஞ்சிக்கு என்ன பண்ணுவா? எனக்கு நெலம் இருந்துச்சு. அதோட, செத்தவனுக்கு ரெண்டு பேர்ல ஒருத்தன் பதில் சொல்லித்தான ஆகணும். தொட்டி வச்சவன் நான். சரி, நாமே சொல்லிருவோம்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவே இல்லை. "ஒன்பது வருசமா ஒரே ஒரு ரோசனதான். வேற எதுவும் கேக்கமாட்டேன். செத்தப்புறந்தான இழுத்தீங்க?"

அடுப்படியில் பேச்சியம்மாள் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா மாமா" என்றேன். "செத்தப்புறந்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது முகம். ஒரு மாதத்தில் போய்விட்டார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தயவுசெய்து எழுதுங்கள். மாயாண்டி குற்றவாளி இல்லை, அவர் மகனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். சின்னக்கண்ணு விழுந்தது நாவல்குளம் எல்லையில், இறந்தது கரட்டுப்பட்டி எல்லையில், இரண்டுக்கும் காரணம் தங்கமுத்து ஆகிய நான். இதற்குக் கீழே கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. கடைசியில் மாமாவிடம் சொன்ன அந்த வார்த்தையை எழுதவேண்டாம். சாகக் கிடந்த மனிதரிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அது ஒன்றுதான் ராத்திரியும் பகலும் என்னை அரிக்கிறது. மற்றதெல்லாம் உத்தியோகக் காரியம்.